நொட்டாங்கைக் கம்பி

"லேடீஸ்னா பத்து போட்டுக்குங்க சிஸ்டர். விரல் வலிக்காது," என்றார் ஜமால்.

மேற்குத் தாம்பரத்தில் கிடார், கீபோர்டு, தபேலா எல்லாம் விற்று ரிப்பேரும் பார்க்கிற ஜமால் நல்ல மனிதர்தான். ஆனால் கடைக்குள் நுழைந்த பத்து நிமிடத்தில் பியூலாவுக்கு அவர் சொன்ன மூன்றாவது அறிவுரை இது. கிடார் கம்பியில் எண் ஏற ஏறத் தடிமன் ஏறும். பத்து மெல்லிசு, அமுக்கச் சுலபம், சத்தமும் அதற்கேற்ற மெல்லிசு. பன்னிரண்டு விரலைப் பதம் பார்க்கும், ஆனால் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை கேட்கும்.

"எனக்கு டுவெல்வ் குடுங்க பாய். பாஸ்பர் பிரான்ஸ், அந்த வெண்கலக் கம்பி."

"டுவெல்வா? எதுக்கு சிஸ்டர் பேஜாரு?"

"சர்ச்சுல என் கிடாருக்கு மைக் தரமாட்டாங்க. அதுக்குத்தான்."

ஜமால் உறையிலிருந்து கிடாரை வெளியே எடுத்தார். எடுத்த வேகத்தில் முகம் சுளித்தார். "எந்தப் பேமானி இப்டி தலைகீழா கம்பி மாட்னான்?"

"நான்தான்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பியூலா சிரிக்கவில்லை. பிறந்ததிலிருந்து இதே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டு அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. நொட்டாங்கையால் சாப்பிட்டால் புறங்கையில் அடி. பள்ளிக்கூடத்தில் பலப்பத்தைப் பிடுங்கி வலது கையில் திணித்தார்கள். எழுத்தை மட்டும் வலது கைக்கு விட்டுக்கொடுத்தாள், மற்றதெல்லாம் இடதுதான். சேலையூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. "என்னம்மா, பீச்சாங்கையால குத்துற?" என்று கேட்காத பெரியவர் கிடையாது. "வலிச்சுதா சார்?" என்பாள். "இல்லையே!" என்பார்கள். பிறகென்ன?

கிடாரில் மட்டும்தான் பதினோரு வருஷம் ஏமாந்துவிட்டாள். சபைப் பாடகர் குழுவில் எல்லாரையும்போல வலது கையால் தட்டிக்கொண்டிருந்தாள். தாளம் தளரும். "பியூலா, நீ சும்மா கூடவே தட்டும்மா, போதும்," என்பார் குழுத்தலைவர் ஜோனத்தான். எட்டு மாதம் முன்பு ஏதோ ஒரு வீடியோவில் இடது கைக்காரி ஒருத்தி வாசிப்பதைப் பார்த்தாள். அன்றைக்கே கம்பிகளைக் கழற்றி மேலது கீழாக மாட்டி, கிடாரை மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள். பதினோரு வருஷமாக வராத தாளம் பதினோரே நாளில் வந்தது. அன்று அவளுக்கு வந்தது சந்தோஷம் அல்ல, கோபம். இத்தனை வருஷம் தனக்குச் சங்கீதம் வராது என்றல்லவா நம்பியிருந்தாள்!

"வாசிங்க பார்ப்போம்," என்றார் ஜமால்.

வாசித்தாள். வேதாகமத்துச் சங்கீதப் பாடல் ஒன்றுக்கு அவளே போட்ட மெட்டு. விளைச்சலைக் காணிக்கை வைக்கிற அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பாட்டாக இதைப் பாட ஜோனத்தான் சம்மதித்திருந்தார். ஆரம்பம் கிடார் மட்டும் தனியாக. பதினோரு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. பாதியில் தடித்த கம்பி பள்ளத்தைவிட்டுத் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

ஜமால் அதற்குப் பிறகு அறிவுரை சொல்லவில்லை. கிடார் கழுத்தின் உச்சியில் கம்பிகளைத் தாங்கும் சின்ன எலும்புத் துண்டைத் தொட்டுக் காட்டினார். "இந்த நட்டுல தடி கம்பிக்கு அகலப் பள்ளம், சன்ன கம்பிக்குக் குறுகல் பள்ளம். நீங்க மாத்தி மாட்டினா எப்டி உக்காரும்? புதுசா ஒண்ணு ராவித் தரேன். ஆனா ஒண்ணு சிஸ்டர், அப்புறம் இதை வேற யாரும் வாசிக்க முடியாது. விக்கவும் முடியாது."

"வேற யாரும் வாசிக்க வேண்டாம் பாய். ராவுங்க."

ராவினார், மாட்டினார், கம்பி நுனிகளை ஒட்ட வெட்டினார். கிளம்பும்போது இன்னொரு பன்னிரண்டு செட்டையும் கையில் கொடுத்தார். "புதுக் கம்பி. ஞாயித்துக்கிழமை அறுந்தா எந்தக் கடையும் தொறந்திருக்காது. வச்சுக்குங்க."

சனிக்கிழமை மாலை ஒத்திகை. இரும்புலியூர் சபையில் பூசணிக்காயும் வாழைத்தாரும் அதற்குள் வந்து குவிய ஆரம்பித்துவிட்டன. பியூலா இடது கையால் வாசித்து முடித்தாள். பாட்டு நன்றாயில்லை என்று யாரும் சொல்லமுடியாது. நன்றாயிருக்கிறது என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. எல்லாரும் ஜோனத்தானைப் பார்த்தார்கள்.

"காணிக்கைப் பாட்டும்மா இது," என்றார் அவர், தணிந்த குரலில். "காணிக்கையை யாராவது நொட்டாங்கையால போடுவாங்களா? லைவ்ல வேற போகுது. எல்லார் கிடாரும் ஒரு பக்கம் பாக்கும், உன்னுது மட்டும் எதிர்ப்பக்கம் பாக்கும்."

"பாக்கட்டும் அண்ணா."

"சரி, பார்ப்போம்."

பண்டிகைக்கு முந்தின நாள் வாத்தியங்களைச் சபை அறையிலேயே வைத்துப் பூட்டுவது வழக்கம். சாவி ஜோனத்தானிடம். அவர் 'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று பதினோரு வருஷம் கூட இருந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

காலையில் ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போது கிடாரை எடுத்தாள். அவளுடைய பன்னிரண்டாம் நம்பர் கம்பிகளைக் காணோம். யாரோ மெல்லிசுக் கம்பிகளை 'ஒழுங்காக', வலது கைக்காரருக்கு மாட்டுகிற மாதிரி மாட்டியிருந்தார்கள். ஜமால் ராவிய நட்டில் தடிக் கம்பி உட்காராமல் மேட்டில் நின்றது, சன்னக் கம்பி அகலப் பள்ளத்தில் ஆடியது. தட்டினால் தகர டப்பா.

"நான்தாம்மா மாத்தினேன்," என்றார் ஜோனத்தான். குரலில் கொஞ்சமும் கூச்சமில்லை. "உனக்காகத்தான். நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. சத்தம் சரியா வரலைன்னா விடு, நான் கீபோர்டுல வாசிச்சுக்கிறேன்."

அவள் கிடாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இவர் முன்னால் அழுதால் அதையும் சமாதானம் செய்கிற சாக்கில் கிடாரை வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்.

ஜெபம் முடிந்தது, வேத வாசிப்பு முடிந்தது. ஆயர் பிரசங்கத்துக்கு ஏறினார். இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறைந்து அவர் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. பியூலா பாடகர் பெஞ்சில் எல்லாருக்கும் முன்னால் கிடாரை மடியில் போட்டு, பைக்குள்ளிருந்து ஜமால் கொடுத்த இரண்டாவது செட்டைப் பிரித்தாள்.

பழைய கம்பியைத் தளர்த்தக் கீயை முறுக்கும்போது கிறீச்சென்றது. பலிபீடத்தின் அருகே காலைக் கட்டிப்போட்டிருந்த காணிக்கைச் சேவல் இரண்டு தடவை கூவியதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்தச் சின்னக் கிறீச்சுக்கு மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. நன்றாகப் பாருங்கள் என்று நினைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்த அடுத்த பின்னைப் பிடுங்கினாள்.

ஜோனத்தான் குனிந்து கிசுகிசுத்தார். "இன்னா காரியம் பண்றே? வெளில போய்ப் பண்ணு."

"நீங்க கழட்டும்போது என்னைக் கேட்டீங்களா அண்ணா?"

"பியூலா, ஆலயம்மா இது!"

"அதனாலதான் மெதுவாப் பேசுறேன்."

அவர் நிமிர்ந்தார். லைவ் கேமரா அந்தப் பக்கமாகத் திரும்பியதால் முகத்தில் புன்னகையையும் வரவழைத்துக்கொண்டார்.

ஆறாவது கம்பி, ஐந்தாவது, நான்காவது. புதுக் கம்பி ரப்பர் மாதிரி இளகும் என்பதால் ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துவிட்டு, சுருதி காட்டும் டியூனரைப் பார்த்து மறுபடி முறுக்கினாள். ஆயர் 'முடிவாக' என்று மூன்றாவது தடவை சொன்னபோது முதல் கம்பியும் ஏறிவிட்டது. நுனிகளை வெட்டத்தான் கையில் எதுவும் இல்லை. கிடார் தலையிலிருந்து ஆறு கம்பி வால்களும் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டு நின்றன. ரத்தம் எடுக்கிறவளுக்கு ஊசி என்ன புதுசா?

"காணிக்கைப் பாட்டு," என்றார் ஆயர்.

ஜோனத்தான் கீபோர்டின் சுவிட்சைப் போட்டுவிட்டு அவளுடைய வலப்பக்கம் வந்து நின்றார். பதினோரு வருஷமாக அவர் நிற்கிற இடம் அது. கிடார் கழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் நீளும் வரிசையில் அந்த இடத்துக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. பியூலா எழுந்தாள், தோளில் வாரை மாட்டினாள், கிடாரைத் திருப்பினாள். கழுத்து வலப்பக்கம் நீண்டது. ஆறு ஊசியும் ஜோனத்தானின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன.

"அண்ணா, கம்பி குத்தும்," என்றாள் பியூலா. இந்தத் தடவை அவள் கிசுகிசுக்கவில்லை. "தள்ளி நில்லுங்க."

அவர் அசையவில்லை. காணிக்கைப் பையோடு கிளம்பியவர்கள் நடுவழியில் நின்றுவிட்டார்கள். பியூலா கழுத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். ஜோனத்தான் ஒரு அடி தள்ளினார். பிறகு இன்னொரு அடி.

அவள் இடது கையை ஓங்கிக் கம்பிகளில் முதல் தட்டைத் தட்டினாள். பூசணிக்காய் மேடையைத் தாண்டி, மைக்குகளைத் தாண்டி, அந்தச் சத்தம் கடைசி பெஞ்சில் போய் விழுந்தது.