காதுக்குப் பின்னால் இரண்டு விரல்கள்

கதாநாயகன் கதவைத் தட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தான். வாரம் ஒன்று ஓடிவிட்டது. கதாநாயகி உள்ளேதான் இருக்கிறாள், திறக்க மாட்டேன் என்கிறாள். அவளைத் திறக்கவைக்க வேண்டிய நானோ சாப்பாட்டு மேசையில் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாவம், அவனை மழையில் வேறு நனைய விட்டிருந்தேன். இதற்குமேல் விட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று தோன்றியதும் எழுந்து, என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்து, அதன்மேல் நிதானமாக உட்கார்ந்தேன்.

ஆத்திரத்தில் இல்லை. என் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. உட்காருவதிலும் ஒரு பக்குவம் உண்டு. அழுத்தி உட்கார்ந்தால் லென்ஸ் தெறித்துவிடும். பட்டும் படாமலும் உட்கார்ந்தால் ஃபிரேம் வளையாது, கடைக்குப் போக முகாந்திரம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில், காதில் மாட்டும் பிடி மட்டும் கோணுகிற அளவுக்கு ஓர் இறக்கம் இருக்கிறது. என் எடைக்கு அது சர்க்கஸ் வித்தை. ஆனால் பயிற்சி என்று ஒன்று இருக்கிறதே.

வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ரிட்டயரானவள் நான். அடுத்தவர் வருமானத்தைப் படித்தே இளமை போயிற்று. ஓய்வு பெற்ற மறுநாள் காலை எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது முதல் காதல் நாவலை ஆரம்பித்தேன். இதுவரை நாற்பது ஆகிவிட்டது. என் தங்கையைக் கேட்டால் பதினெட்டு என்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே எண்ண வராது. என் வாசகிகள் விட்ட கண்ணீரைச் சேர்த்துவைத்திருந்தால் ஊருக்கு ஒரு கோடைக்காலம் தண்ணீர்க் கஷ்டமே இருந்திருக்காது. எல்லாமே இருபது வயதுப் பெண்ணுக்குப் பொருந்துகிற ஒரு புனைபெயரில்தான். பின்னட்டையில் என் படத்தைப் போடலாமே என்று ஒருமுறை பதிப்பாளரிடம் கேட்டேன். "வேணாம் மேடம், வியாபாரம் நல்லா போயிட்டிருக்கு" என்றார்.

போன மாதம் ஒரு பத்திரிகைப் பெண் தொலைபேசியில் பேட்டி எடுத்தாள். இவ்வளவு காதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். கடலும் நிலவும் என்று அடித்துவிட்டேன். என் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். நிலா அதற்குப் பின்னால் உதிப்பதாகக் கேள்வி. அதே கேள்வியைத் தங்கை வேறு மாதிரி கேட்பாள்.

"ஏங்க்கா, கல்யாணமும் பண்ணிக்கல, யாரையும் இழுத்துக்கிட்டும் ஓடல. இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"செவ்வாய் கிரகத்தப் பத்தி எழுதறவன் அங்க குடியிருந்துட்டா வந்தான்?"

"அவனாவது டெலஸ்கோப்புல பாக்கறான்."

அவள் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவாள். வைத்த பிறகு வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும். மேசையைச் சுற்றி நான்கு நாற்காலி. ஒன்றில் நான், மற்ற மூன்றில் அகராதி, இஸ்திரி போட வேண்டிய துணி, பழைய செய்தித்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குடும்பமே சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருக்கும். சாயங்காலம் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் என்றால், சில நாள் நானும் வணக்கம் என்றுவிடுவேன். மரியாதை தெரிந்த குடும்பம்.

கோணல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் செருகிவைத்த மாதிரி ஒரு கண்ணாடிக் கடை. கடைக்காரர் என் தோள் உயரம்தான் இருப்பார். தலையில் ஒரு காலத்தில் முடி இருந்ததற்குத் தடயம் மட்டும் உண்டு. தொப்பை முதலில் வந்து இடம் பிடிக்கும், அவர் பிறகு வந்து சேர்வார். இவரைத்தான் கப்பல் கேப்டனாகவும் இருதய டாக்டராகவும் விமானியாகவும் ஆக்கி, ஆறடி உயரம் கொடுத்து, தலையில் ஒரு காட்டையே வளர்த்துவிட்டு, நாவல் நாவலாக அலையவிட்டிருக்கிறேன். விரல்களை மட்டும் மாற்றவில்லை.

கண்ணாடியை நம் முகத்திலிருந்து அவரே கழற்றுவார், தூங்கிப்போன குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி. வெளிச்சத்தில் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிடியை நிமிர்த்துவார். லென்ஸில் ஊதித் துடைப்பார். திரும்ப மாட்டிவிட்டு இரண்டு விரலைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், எங்கே அழுத்துகிறது என்று மெல்லத் தடவிப் பார்த்து, "வலிக்குதா?" என்பார். அவ்வளவுதான். நான் உடனே பதில் சொல்லமாட்டேன். உலகப் பொருளாதாரத்தை யோசிப்பதுபோல நிற்பேன். பிறகு "லேசா" என்பேன். மறுபடி கழற்றுவார். வீட்டுக்கு வந்தால் பேனா பிய்த்துக்கொண்டு ஓடும்.

எல்லாரிடமும்தான் கேட்கிறார். தெரியாதா எனக்கு? அதற்காகத்தான் வேறு யாராவது இருந்தால் ஷோகேஸ் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். ஆனால் வருடம் முழுக்க என் முகத்தைத் தொடுவது நானும் சோப்பும்தான். வலிக்கிறதா என்று கேட்க ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் பல் தட்டில் கிடக்கும்.

அன்றைக்கு ஒரு கண்ணில் தரையும் மறு கண்ணில் கூரையும் தெரியக் கடைக்குள் நுழைந்தால், கவுண்டரில் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். கையில் புத்தகம். அட்டையில் ஒரு கப்பல், அதன் நுனியில் காற்றில் சட்டை பறக்க ஒருவன். என் கேப்டன்! கையை முழுசாக நீட்டி, புத்தகத்தோடு சண்டை போட்டவளைப் போல எட்டப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா. கண்ணாடியா? குடுங்க. லேடீஸுக்கெல்லாம் இனிமே நான்தான்."

"அவரு இல்லீங்களா?"

"உள்ள லென்ஸ் வெட்டிக்கிட்டிருக்காரு. நான் அவரு வீட்டுக்காரிதான். பொண்ணு வேலைக்கு வெளியூர் போயிட்டா. வீட்ல நானும் ஃபேனும்தான். எவ்வளவு நேரம் அதையே பாக்கறது? அதான் ஒரு வாரமா இங்க வந்து தொழில் கத்துக்கறேன்."

இனிமே நான்தான். நாற்பது நாவலும் அலமாரியோடு சரிந்து என் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. கதவுக்கு வெளியே ஒருவன் மழையில் நிற்கிறான். இந்த அம்மாள் வந்து தாழ்ப்பாளையே கழற்றி எடுத்துப் போகிறாள்.

"அவரையே பாக்கச் சொல்லுங்களேன். பழகின கை."

"என் கையும் பழகிடும்மா. உக்காருங்க."

பூட்டை உடைப்பது போலக் கண்ணாடியை என் முகத்திலிருந்து பிடுங்கினாள். உடனே உலகம் கரைந்துவிட்டது. என் பவர் அப்படி. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு யானையும் பஸ்ஸும் ஒன்று. எதிரில் ஒரு பச்சைப் புடவை மட்டும் அசைந்தது. சத்தம் கேட்டு உள்ளிருந்து ஒரு வெள்ளைச் சட்டை வந்தது.

"என்ன மேடம், மறுபடி உக்காந்துட்டீங்களா?"

"என்ன பண்றது, நாற்காலி கூப்பிடுது."

அவர் சிரித்துக்கொண்டே எதையோ துடைக்கும் சத்தம். சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! "கதை நல்லாருக்கா?" என்று பச்சைப் புடவையிடம் கேட்டுவிட்டேன்.

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. மூணாவது தடவ படிக்கறேன். இதுல ஒரு கேப்டன் வர்றான்மா. அவ கண்ணாடிய அவனே கழட்டி, ஊதி, துடைச்சு, மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னாடி இப்படி வெரல வெச்சு, வலிக்குதானு கேக்கறான். எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. எழுதினவ சின்னப் பொண்ணு. என்னத்த அனுபவிச்சாளோ மகராசி."

"கப்பலை யாரு ஓட்டறது? இவனுக்கு ஏன் என் வேலை?" என்றது வெள்ளைச் சட்டை.

"உங்க வேலைதான். எனக்கு ஒரு நாளாவது செஞ்சிருக்கீங்களா?"

"உனக்குத்தான் கழுகுக் கண்ணாச்சே."

"அதான் நான் செஞ்ச பாவம்."

அவள் சொன்னது விளையாட்டுக்குத்தான். கடைசி வார்த்தையில் மட்டும் விளையாட்டு குறைந்திருந்தது. முகத்தைப் பார்க்க முடியாதவளுக்குக் குரல் நன்றாகக் கேட்கும்.

என் கண்ணாடியின் ஸ்க்ரூவை அவள் முடுக்க ஆரம்பித்தாள். ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக் கண்ணாடி மேசையில் கிறீச்சென்றது. மறுபடி வைத்தாள், மறுபடி கிறீச். பச்சைக் கை முழுசாக நீண்டு போவது எனக்கே தெரிந்தது. அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. நல்ல புத்தி என்று சொல்லமாட்டேன். இவளால் முடியாது என்று நிரூபித்துவிட்டால் என் விரல்கள் எனக்குத் திரும்பி வந்துவிடும் அல்லவா?

"உங்களுக்குக் கிட்டத்துல இருக்கறது சரியாத் தெரியலம்மா. புத்தகத்தையே அவ்வளவு தள்ளிப் பிடிச்சுத்தான படிச்சீங்க? அவருகிட்டயே குடுத்துடுங்க."

துடைக்கும் சத்தம் நின்றது. வெள்ளைச் சட்டை கவுண்டரைச் சுற்றி வந்து என் கண்ணாடியை வாங்கியது. ஃபிரேமைச் சூடாக்கும் ஹீட்டரின் ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடியை அதில் வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் மேடம், கொஞ்சம் இளகட்டும்" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று முகத்தைக்கூட லேசாக நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். அவர் என் பக்கம் வரவில்லை.

"எவ்வளவு நாளா?" என்றார் மனைவியிடம்.

"என்ன எவ்வளவு நாளா?"

"கிட்டத்துல தெரியாம."

"ஒரு வருஷம் இருக்கும். ஊசில நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூப்பிடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் ஊருக்கே பாக்கறீங்களே. தெரியும்னு நெனச்சேன்."

முக்காலி இழுபடும் சத்தம். பச்சை தாழ்ந்தது, வெள்ளை அதன்மேல் குனிந்தது. இழுப்பறை திறந்து லென்ஸ்கள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன. காதை நான் கத்தி மாதிரி தீட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். இதோ கேட்பார், இதோ. எனக்குத் தெரியாத வசனமா? கேட்கவேயில்லை. என்னிடம் ஊதினாரே, துடைத்தாரே, பேசினாரே, அந்தச் சத்தம் எதுவுமே வரவில்லை. இரண்டு நிறமும் ஒன்றோடொன்று ஒட்டி, அசையாமல் நின்றன.

"என்னங்க, மூச்சு விடுங்க."

"ஆடாத. சும்மா இரு."

"உங்க புருவம் எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"ஆடாதன்னு சொல்றேன்ல."

"காதுல வேற ஒரே முடி. இத வெச்சுக்கிட்டா இவ்வளவு நாளா என் பக்கத்துல படுத்திருந்தீங்க?"

அவர் சிரித்தாரா, தொண்டையைச் செருமினாரா தெரியவில்லை. பார்த்திருந்தால் சொல்லலாம். மூன்றடி தூரத்தில் நடக்கிறது, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், விரித்துப் பார்த்தேன், ஓரத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கூடப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையும்தான். வெள்ளையிலிருந்து ஏதோ மேலே போனது. கையாக இருக்க வேண்டும். எங்கே போனது, எங்கே நின்றது, தெரியவில்லை.

கதவு திறந்து தெருச் சத்தம் உள்ளே வந்தது. "கடைல யாரும் இல்லையா?" என்று ஒரு குரல்.

"இருக்காங்க" என்றேன், தணிந்த குரலில். "கொஞ்சம் உக்காருங்க."

பக்கத்தில் பெஞ்சு முனகியது. ஹீட்டர் உஸ்ஸென்று ஊதிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் எப்போதோ போய்விட்டது. மெதுவாக ஒரு வாடை வந்தது, முதலில் இனிப்பாக, பிறகு காரமாக, பிளாஸ்டிக் கருகுகிற வாடை. பக்கத்தில் இருந்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏதோ தீயுது போலிருக்கே?" என்றார்.

நான் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.