பெல்ட்டில் மாட்டிய கட்டைவிரல்

மைதானத்துக்கு என் பெயரை வைக்கிற விழா அன்று காற்று தெற்கிலிருந்து அடித்தது. தெற்கே மாட்டுப்பட்டி இருக்கிறது. நாற்பதாயிரம் மாடு. அந்தச் சாணி நாற்றத்தோடு, மேஜையில் வெயிலில் உருகிக்கொண்டிருந்த கேக்கின் கிரீம் வாடையும் சேர்ந்து, காலை பத்து மணிக்கே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தாறு வருஷமாக இதே நாற்றத்தில் நின்றுதான் கல்லூரிப் பெண்களுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாளும் குமட்டியதில்லை.

விளையாட்டுத் துறைக்குத் தலைவன் பிரென்ட் டொலஃப்சன். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த வருஷம் பிறந்தவன். பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான்.

"லோர்னா! டிஷர்ட் பாத்தீங்களா? ஐநூறும் வித்துப்போச்சு!"

பார்த்தேன். அரக்கு நிறச் சட்டை. நெஞ்சில் ஒரு பெண் நிற்கிற படம். இடது கையில் கிளவுஸ், வலது கைக் கட்டைவிரல் இடுப்பு பெல்ட்டில் மாட்டியிருக்கிறது. இன்னும் துணி போட்டு மூடி வைத்திருந்த பித்தளைப் பலகையிலும் அதே படம்தான் என்றான்.

அதுதான் எங்கள் கல்லூரியின் அடையாளம். ஒவ்வொரு பந்தையும் எறிந்து முடித்ததும் எங்கள் பிட்ச்சர் வலது கட்டைவிரலை பெல்ட்டில் மாட்டிக்கொண்டு எதிரே மட்டையோடு நிற்பவளைப் பார்ப்பாள். நெப்ராஸ்கா மாநிலம் முழுக்க அதைத் திமிர் என்பார்கள். சொல்லட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கோடை முகாமுக்கு எட்டு வயதுக் குழந்தைகள் வந்தால், பந்தைப் பிடிக்கச் சொல்லித்தருவதற்கு முன்பே, "கட்டைவிரல் பெல்ட்டுல!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவர்களும் வரிசையாக நின்று மாட்டிக்கொள்வார்கள். பெற்றவர்கள் போட்டோ எடுப்பார்கள்.

"இன்னொரு சர்ப்ரைஸும் இருக்கு" என்றான் பிரென்ட். "ட்ரீனா ஷ்டால் வர்றாங்க! முதல் பந்து அவங்கதான் போடப்போறாங்க."

வாயில் மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதை அப்படியே நின்றுபோயிற்று. அந்தக் கட்டைவிரலை ஆரம்பித்து வைத்தவளே ட்ரீனாதான். தொண்ணூற்றாறில் எங்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவள். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், அவளுக்குப் பண்ணை வேலை, பிள்ளைகள், நேரமில்லை என்று நானே கதை கட்டி வைத்திருந்தேன்.

தொண்ணூற்றாறைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆட்டத்தில் தோற்றோம். தோற்ற டீம் கோப்பை வாங்க வேண்டுமென்றால் மீதி எல்லாவற்றையும் ஜெயித்தாக வேண்டும். இரண்டு நாளில் ஐந்து ஆட்டம். ஐந்திலும் ட்ரீனாவே எறிந்தாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? பேஸ்பால் ஆடுகிற பையன்கள் தோளுக்கு மேலே எறிகிறார்கள், எத்தனை பந்து எறிந்தார்கள் என்று எண்ணி, அளவு தாண்டினால் நிறுத்துவார்கள், நாலு நாள் ஓய்வு தருவார்கள். எங்கள் பெண்கள் இடுப்புக்குக் கீழிருந்து எறிகிறவர்கள். கீழிருந்து வீசுகிற கைக்கு ஒன்றும் ஆகாது, நடக்கும்போது கை ஆடுவது மாதிரிதான் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வது. பெண்களை டீமில் சேர்க்கப் போன எத்தனையோ வீட்டுச் சமையலறையில் நானும், அம்மாக்கள் சுட்டுக் கொடுத்த ஆப்பிள் கேக்கைத் தின்றுகொண்டே, அதைச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். நம்பித்தான் சொன்னேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அதோடு என் சட்டம் ஒன்று உண்டு. எறிகிற வட்டத்துக்குள் நின்று கையை உதறக் கூடாது, தோளைத் தடவக் கூடாது. எதிர் டீம் பார்த்துக்கொண்டிருக்கும். உதறினால் பெஞ்சில் உட்காரலாம்.

ட்ரீனா வந்தாள். நாற்பத்தொன்பது வயது, நரைத்த முடி, ஜீன்ஸ், அகலமான தோல் பெல்ட். கார் நிறுத்துகிற இடத்திலிருந்து நடந்து வரும்போதே வலது கட்டைவிரல் பெல்ட்டில் இருந்தது.

"பாருங்க, பாருங்க! இன்னும் பழக்கம் போகல!" என்று பிரென்ட் குதித்தான்.

நான் வலது கையை நீட்டினேன். அவள் இடது கையைக் கொடுத்தாள். பிரென்ட் மைக்கைத் தேடிப் போனதும் டீம் உட்காரும் பெஞ்சில் நாங்கள் இருவர்தான்.

"எப்படி இருக்கே, ட்ரீனா?"

"நல்லா இருக்கேன் கோச். கைதான் இல்ல."

"என்னடி சொல்றே?"

"தோள்ல மூணு ஆபரேஷன். தலை சீவுறது, கதவு திறக்குறது எல்லாம் இடது கைதான். என் பிள்ளைங்க ரெண்டையும் வலது கையால தூக்கினதே இல்ல."

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

சிரித்தாள். "எப்படிச் சொல்றது? உதறினா உக்காரவைப்பேன்னீங்க. சும்மா தொங்கவிட்டா தோளு பிஞ்சு கீழ விழுந்துடும்போல இருந்துச்சு. அதான் விரலை பெல்ட்டுல மாட்டிக்கிட்டேன். கையோட பாரம் தோளுக்கு வராதுல்ல? அவ்வளவுதான் கோச் விஷயம்." எதிரே போன ஒருவனின் சட்டையைப் பார்த்தாள். வீட்டுக்குள் நாய் கக்கி வைத்ததைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அதைப் போயி சட்டையில அடிச்சு வித்திருக்கீங்க!"

தெரியாது என்று சொல்ல வந்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. வைராக்கியம் என்று அதற்குப் பெயர் வைத்து, இருபத்தெட்டு வருஷம் ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். சீ! என் மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது.

முதல் பந்தை அவள் இடது கையால் எறிந்தாள். இரண்டு தடவை தரையில் குத்தி உருண்டு போயிற்று. ஜனங்கள் பாசமாகக் கைதட்டினார்கள். பிரென்ட் மைக்கில், "எங்க, எல்லாரும்! கட்டைவிரல்..." என்றான். "பெல்ட்டுல!" என்று ஐநூறு சட்டையும் எழுந்து நின்று விரலை மாட்டியது. பெல்ட் இல்லாத கிழவர்கள் கால்சட்டை நாடாவில் செருகிக்கொண்டார்கள். ஒரு நொண்டியின் நடையைப் பார்த்து ஊரே நொண்டி ஆடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்த புண்ணியவதி நான்.

ஆட்டம் ஆரம்பித்தது. எறிந்தவள் கேலின் ரெடிக். பத்தொன்பது வயது, முதல் வருஷ மாணவி. முந்தின நாள் நடந்த இரண்டு ஆட்டத்திலும் அவளைத்தான் எறியவிட்டேன். அன்றைக்கும் அவள்தான். என் கணக்கில் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது வெற்றி இருந்தது. தொள்ளாயிரமாவது விழா நாளிலேயே வர வேண்டும் என்று பிரென்ட் கேக்கில் எண்ணைக்கூட எழுதச் சொல்லிவிட்டான். அவன் மேல் பழியைப் போட்டு என்ன பயன்? எனக்கும் ஆசைதான். நாக்கில் எச்சில் ஊறுகிற ஆசை.

ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டுக்கு ஒன்று என்று முன்னே இருந்தோம். கேலின் ஒவ்வொரு பந்தையும் எறிந்துவிட்டு விரலை பெல்ட்டில் மாட்டினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். வலியா, ஸ்டைலா? தெரியவில்லை. எட்டு வயதில் என் முகாமில்தான் அதைக் கற்றுக்கொண்டாள். ட்ரீனாவுக்குப் பிறகு பதினோரு பேர் அந்த வட்டத்தில் எனக்காக எறிந்திருக்கிறார்கள். பதினோரு பேரும் விரலை மாட்டினார்கள். யாருக்கு வலித்தது, யார் சும்மா செய்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியாதபடி நானே பண்ணி வைத்திருக்கிறேன்! வாயிலிருந்த விதையெல்லாம் கசந்தது. காறித் துப்பினேன்.

மொத்தம் ஏழில் ஆறாவது இன்னிங்ஸ். மூன்றில் இரண்டு பேர் அவுட், எதிர் டீமில் ஒருத்தி இரண்டாவது பேஸில் நிற்கிறாள். நடுவரிடம் நேரம் கேட்டுவிட்டு வட்டத்துக்குப் போனேன். தைரியம் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"வலிக்குதாடி?"

"இல்ல கோச்."

"நிஜமா?"

"நல்லா இருக்கேன் கோச். இன்னும் நாலு அவுட்டுதானே."

எல்லோரும் இதே குரலில்தான் சொல்வார்கள். அந்தக் குரலும் என்னிடம் படித்ததுதான்.

"விரலை எடு."

"என்ன கோச்?"

"பெல்ட்டுலேர்ந்து விரலை எடுத்துட்டு கையைத் தொங்கவிடு. நான் பத்து எண்ணுறேன்."

எடுத்தாள். எண்ணினேன். மூன்றில் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நான்கில் இடது கை கிளவுஸோடு தானாக வந்து வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"நான் உதறல கோச்" என்றாள். "சத்தியமா உதறவே இல்ல. என்னை எடுத்துடாதீங்க."

நான் பந்தை வாங்கிக்கொண்டேன்.

அடுத்து எறிய வந்த பிரின்லி அந்த வருஷம் முழுக்க மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ்தான் எறிந்திருந்தாள். மற்றதெல்லாம் கேலினுக்கே கொடுத்திருந்தேன் அல்லவா? பயத்தில் அவளுக்குப் பந்து எங்கே போகிறதென்றே தெரியவில்லை. இரண்டுக்கு ஏழு என்று தோற்றோம். ஐஸ் கட்டிய தோளோடு கேலின் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து என்னை முறைத்தாள். அவளுக்குக் கை வலித்ததைவிட என் மேல் கோபம்தான் அதிகம். அவள் அப்பா கம்பி வேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "ஏ கிழவி, மூளை கலங்கிடுச்சா உனக்கு? ஜெயிச்சுட்டிருந்தா என் பொண்ணு!" என்று கத்தினார்.

"ரெண்டு நாளா உன் பொண்ணைப் போட்டு வதைச்சேனே, அப்ப எங்கய்யா போனே?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொள்ள வேண்டியது நான்தான்.

பிரென்ட் வந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. "லோர்னா, கேக்கு! கேக்குல தொள்ளாயிரம்னு எழுதியிருக்கே!"

"கொண்டுபோய் மாட்டுக்குப் போடு."

"விளையாடாதீங்க. பலகையை வேற திறக்கணும்."

"அந்தப் படத்தைச் செதுக்கி எடுத்துட்டுத் திற. இல்லேன்னா என் பேரு அதுல வேண்டாம்."

"என்ன ஆச்சு உங்களுக்கு? அது நம்ம அடையாளம் லோர்னா!"

அவனை அங்கேயே விட்டுவிட்டு ட்ரீனாவைத் தேடிப் போனேன். காரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"பரவால்ல கோச்" என்றாள். "ஒருத்தியையாவது கேட்டீங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் இடது கையால் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மத்தவங்களையும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

ஆபீசுக்குப் போனேன். சுவர் முழுக்க போட்டோ. பதினோரு பெண்கள், பதினோரு கட்டைவிரல். வெளியே இன்னும் வெயில் இருந்தது, கேக்கைச் சுற்றிப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு முதல் போட்டோவில் இருந்தவளைக் கூப்பிட்டேன். ஜோலின் புரூயிட். எனக்காக நாலு வருஷம் எறிந்தவள். இப்போது கியர்னி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

"ஐயோ, கோச்!" என்றாள், அவ்வளவு சந்தோஷமாக. "தொள்ளாயிரம் ஆயிடுச்சா?"

"ஆகல. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் ஜோலின். மறைக்காம சொல்லணும். விரலை பெல்ட்டுல மாட்டிட்டு நிப்பியே, கை வலிச்சதுனாலயா மாட்டினே?"

அந்தப் பக்கம் அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"எந்த மேட்ச்சைக் கேக்குறீங்க, கோச்?" என்றாள்.