வரிசையில் கடைசி ஆள்

எங்கள் முகாமின் சமையல் கூடத்துப் புல்தட்டியில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். மறுநாள் காலை காட்டுக்குள் யாரோடு யார் நடக்கப் போகிறார்கள் என்று எங்கள் மேலாளர் சாயங்காலமே அதில் எழுதிவிடுவார். அந்தச் செப்டம்பர் மாதத்துச் சாயங்காலம், கேக்குக்கு மாவு பிசைந்த கையோடு நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் யோத்தாம் வந்து அதைப் படித்தான். ஒருமுறை படித்துவிட்டு, எழுத்து மாறியிருக்குமோ என்று கிட்டே போய் இன்னொருமுறை படித்தான்.

"ஹெட்டி அம்மா பேருக்கு நேரா மலிசானின்னு போட்டிருக்கு, அக்கா."

"ஆமா. அவங்களே கேட்டாங்களாம். கடுதாசியிலயே எழுதிட்டாங்களாம்."

"என்னைக் கேக்கலையா?"

"இல்லப்பா."

அவன் பானையிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டான். குடிக்காமலேயே திரும்ப ஊற்றிவிட்டுப் போனான்.

அவன் வயிறு ஏன் எரிந்தது என்று சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா, அப்போது அவனைத் திட்ட உங்களுக்கு மனசு வராது. லுவாங்வா ஆற்றோரம் எங்கள் முகாமில் வண்டிச் சவாரி கிடையாது. வருகிறவர்கள் காலால் நடந்துதான் காட்டைப் பார்க்க வேண்டும். துப்பாக்கியோடு வனக்காவலர் முன்னால் போவார். அடுத்தது வழிகாட்டி. அவர் பின்னால் விருந்தாளிகள். எல்லாருக்கும் கடைசியில் தேநீர் மூட்டை சுமக்கிறவன். பாதி வழியில் நிழல் பார்த்து உட்கார்ந்து அவன் எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்து, நான் சுட்ட கேக்கை வெட்டி வைப்பான். இந்த வரிசை ஒருநாளும் மாறாது.

யோத்தாம் இருபத்திரண்டு வருஷமாக அந்த இரண்டாம் இடத்தில் நடந்தவன். ஹாலந்திலிருந்து ஹெட்டியும் அவள் புருஷன் பார்ட்டும் எட்டு வருஷம் தொடர்ந்து வந்தார்கள். எட்டு வருஷமும் யோத்தாம்தான் வேண்டும் என்றார்கள். தேடி வருகிற விருந்தாளி பேர் சொல்லிக் கேட்பதைவிட ஒரு வழிகாட்டிக்கு எங்கள் பக்கம் வேறு மரியாதை இல்லை. மலிசானியோ போன வருஷம்வரை தேநீர் மூட்டை சுமந்தவன். முப்பது வயசு. மழைக்காலத்தில் முகாம் மூடியிருந்தபோது உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, இந்த வருஷம்தான் வழிகாட்டியானான். பார்ட் போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் செத்துப்போனார். ஒன்பதாவது வருஷம் தனியாக வந்த ஹெட்டி, மூட்டை சுமந்தவனைக் கேட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் யோத்தாம் களியை உருட்டி உருட்டிக் குழம்பில் தொடாமலே வைத்தான். காவலர் ஜைலோஸுக்கு யாரையாவது கிண்டாமல் சோறு இறங்காது.

"என்னண்ணே, களி வேகலையா? இல்ல, வேற ஏதாச்சும் வேகுதா?"

"உன் வாய்தான் வேகுது."

"அந்த அம்மாவுக்கு வயசாயிருச்சு அண்ணே, கண்ணு மங்கியிருக்கும். உங்களை மாதிரியே இவனும் இருக்கான்னு நெனச்சிருப்பாங்க."

மலிசானி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். "நான் கேக்கல அண்ணே. சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல," என்றான்.

"நீ கேட்டேன்னு யார்டா சொன்னா? நல்லா நட. காத்தைப் பாத்து நட," என்றான் யோத்தாம். பேச்சு நல்ல பேச்சுதான். குரலில்தான் தேள் இருந்தது.

இந்த வருஷம் மூட்டை சுமக்கிறவனுக்குப் பல்வலி, கன்னம் வீங்கிக் கிடந்தான். மறுநாள் யார் சுமப்பது என்று மேலாளர் கேட்டதும், "நான் தூக்குறேன்," என்று யோத்தாம் சொன்னான். எல்லாரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. பின்னால் நின்று மலிசானி தடுமாறுவதைக் கண்குளிரப் பார்க்கத்தான் அவன் போகிறான் என்று தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு அடுப்புத் தணலைக் கிளறினேன். தப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

காலையில் கிளம்புமுன் தீயைச் சுற்றி நின்று கறுப்புக் காப்பி குடிப்போம். அப்போது ஒவ்வொருவரும் அன்று பார்த்ததை, கேட்டதைச் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்குப் போனவனும் சொல்ல வேண்டும், விறகுக்குப் போனவனும் சொல்ல வேண்டும். இதைத்தான் வழி சொல்வது என்போம். ஒருவன் பார்த்தது எல்லாருக்கும் சொந்தம். ஊரில் பெண்டாட்டியிடம் எதை மறைத்தாலும் தீயடியில் யாரும் எதையும் மறைப்பதில்லை.

"ஆத்துக்கு அக்கரையில சிங்கம் சத்தம் போட்டுச்சு. தூரம்," என்றார் ஜைலோஸ்.

"குரங்குங்க கத்தல. கிட்டக்க ஒண்ணும் இல்ல," என்றான் மலிசானி. "அண்ணே, நீங்க முகங்கழுவ ஓடைப்பக்கம் போனீங்களே?"

"போனேன்," என்றான் யோத்தாம். காப்பியை ஊதினான். "மண்ணுதான் இருக்கு."

மண் இருந்தது உண்மை. அந்த மண்ணில், வறண்ட ஓடையைக் கடந்து புதருக்குள் போகும் பெரிய பெரிய யானைத் தடங்களும் இருந்தன. நடுவில், தேநீர்த் தட்டு அளவுக்கு ஒரு சின்னத் தடம். பிறந்து ஒருமாதம்கூட ஆகாத குட்டி. ஓரம் இன்னும் உதிராத புதுத் தடம். குட்டியோடு இருக்கும் தாய் யானையிடம் எப்படி ஒதுங்க வேண்டும் என்று அவனைவிடத் தெரிந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. யாருக்கும் அடிபட வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, அதை நான் நம்புகிறேன். யானை ஒரு பிளிறல் பிளிறும், மலிசானி முழிப்பான், பின்னாலிருந்து தான் போய்ச் சரிசெய்யலாம், யார் வழிகாட்டி என்று ஹெட்டி பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான் அவன் போட்ட கணக்கு.

கிளம்பினார்கள். ஹெட்டியோடு லிஸ்பனிலிருந்து வந்த ஒரு புதுத் தம்பதியும் போனார்கள். அந்தப் பெண் முதல் அரைமணி நேரம் சுருக்கென்று கடிக்கிற செட்சீ ஈயை அடிப்பதிலேயே கழித்தாள். அவள் புருஷன் எட்டுத் திக்கும் படம் எடுத்தான். மலிசானி குனிந்து யானைச் சாணி உருண்டையைப் பிட்டு, உள்ளே முளைவிட்டிருந்த விதையைக் காட்டியபோது, மூக்கைப் பொத்தியிருந்த அந்தப் பெண் கையை எடுத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தாள். இதெல்லாம் யோத்தாம் காட்டுகிற வித்தைதான். அதே சாணி, அதே விதை, அதே பிட்டுப் பார்க்கிற விரல். தன் சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு முன்னால் போவதைப் பார்ப்பது போலிருந்ததாம் அவனுக்கு.

ஹெட்டி மெதுவாக நடப்பவள். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கி அவன் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"நீங்க கோவமா இருக்கீங்க, யோத்தாம்."

"மூட்டை கனமா இருக்கும்மா. வேற ஒண்ணுமில்ல."

"எட்டு வருஷம் உங்க முதுகைத்தான் பாத்தேன். நல்ல முதுகு. அதுல எழுதியிருக்கிறதை எனக்குப் படிக்கத் தெரியும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "போன வருஷமே பார்ட்டுக்கு முடியல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார். சொன்னா நீங்க நடையைச் சுருக்கிடுவீங்களாம். நீங்க முன்னால சிறுத்தைத் தடத்தைக் காட்டும்போதெல்லாம் அவர் பின்னால ஏதாவது ஒரு மரத்தடியில உட்கார்ந்துடுவார். மலிசானி மூட்டையை இறக்கிட்டுக் கூடவே உட்காருவான். என்னென்னமோ பேசினாங்க. வீட்டுல எங்கிட்ட பேசாததெல்லாம். எனக்குக்கூட அப்போ பொறாமையா இருந்துச்சு."

யோத்தாம் மூட்டை வாரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எந்த மரத்தடியில என்ன சொன்னார்னு அவனுக்கு ஞாபகம் இருக்காம். அந்த இடத்துல நின்னாத்தான் வருமாம். அதனாலதான் அவனைக் கேட்டேன். முதல்ல, நீளநீளமா காய் தொங்குமே, ஓடைப் புதரோரம், அந்த மரம். இப்ப அங்கதான் போறோம்."

யானைத் தடம் நுழைந்த அதே புதர் என்று யோத்தாமுக்கு உறைத்தது. வெட்கப்படுவதற்கு முன்னால், கண்ணுகளா, அந்த நேரத்திலும் அவனுக்கு வந்தது இன்னொரு பொறாமைதான். எட்டு வருஷம் நான் காடு காட்டிக் கூட்டிப்போன பார்ட், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இவனிடம் போய்ச் சொன்னாரா? அந்த எரிச்சலிலேயே இருபது அடி நடந்துவிட்டான். புதர் கிட்டே வந்துவிட்டது. காற்று அவர்கள் முதுகிலிருந்து மனுச வாடையைச் சுமந்து புதருக்குள் போய்க்கொண்டிருந்தது.

நாக்கை மேலண்ணத்தில் இரண்டு தடவை தட்டினான். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் எடுத்த காலைக்கூடக் கீழே வைக்கமாட்டார்கள். வரிசை நின்றது. "புதருக்குள்ள தாயும் குட்டியும். நேரே முன்னால," என்றான் அடிக்குரலில்.

சொல்லி முடிக்கவில்லை, கிளைகள் முறிந்தன. காதை முறம்போல் விரித்துக்கொண்டு தாய் யானை வெளியே வந்தது. முப்பது அடிகூட இருக்காது. ஜைலோஸ் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனார். மலிசானி அதன் குழலில் இரண்டு விரலை வைத்துக் கீழே இறக்கினான். ஓடவில்லை, கத்தவில்லை. இடக்கையைப் பின்னால் நீட்டி விருந்தாளிகளைக் கறையான் புற்றுப்பக்கம் ஒதுக்கினான். "போறோம் தாயி, போய்க்கிட்டே இருக்கோம். உன் பிள்ளை உங்கிட்டயே இருக்கு," என்று யானையிடம் சன்னமாகப் பேசிக்கொண்டே, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினான். யோத்தாம் மூட்டையோடு ஹெட்டிக்கு முன்னால் நின்றிருந்தான். அந்த நிலையிலும் அவன் கண் மலிசானியின் காலைத்தான் பார்த்தது. ஓர் அடிகூடத் தப்பாக வைக்கவில்லை. தப்பு கிடைக்காத எரிச்சல் வேறு.

யானை மண்ணை உதைத்துத் தலையை ஆட்டியது. பிறகு திரும்பிப் போய்விட்டது.

வெகுதூரம் சுற்றிப் போய் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். லிஸ்பன்காரி அழுதுகொண்டே சிரித்தாள். அவள் புருஷன் கழுத்தில் கேமரா தொங்கியபடியே இருந்தது, ஒரு படம்கூட எடுக்கவில்லை.

"பின்னால வந்தவருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றான் அவன். "மோப்பம் பிடிச்சிட்டாரா?"

"அதான் யோத்தாம்," என்றாள் ஹெட்டி. எட்டு வருஷம் அவனைப் பார்த்த பழைய பார்வை அவள் முகத்தில் வந்துவிட்டது. "நான் சொல்லல? இவர் காத்துலயே படிப்பார்."

ஜைலோஸ் புருவத்தைத் தூக்கினார். காற்று புதருக்குள்தான் அடித்தது, யானை வாடை இவர்களுக்கு வந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். மலிசானிக்கும் தெரியும். இருவரும் யோத்தாமைப் பார்த்தார்கள். ஆமாம் என்று யோத்தாம் தலையாட்டினால் போதும், அவன் இடம் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

பழக்கதோஷத்தில் மலிசானி பிளாஸ்க்கை எடுக்கக் கை நீட்டினான்.

"உட்காரு. அது என் வேலை," என்றான் யோத்தாம். குவளைகளை வரிசையாக வைத்து டீயை ஊற்றினான். அப்புறம் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, "மோப்பம் இல்லம்மா. காலையில ஓடையில தடம் பாத்தேன். குட்டித் தடமும் பாத்தேன். தீயடியில கேட்டாங்க, சொல்லல," என்றான்.

"ஏன்?" என்றாள் ஹெட்டி.

"நீங்க என் பேரை எழுதல."

பிறகு மலிசானி பக்கம் திரும்பி முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் குழித்துத் தட்டினான். பெரியவர்களுக்கு முன்னால் சின்னவர்கள் தட்டுகிற தட்டு அது; ஏற்றுக்கொண்டால் எதிர்த்தட்டு வரும். மலிசானி பதறி எழுந்தவன், எதிர்த்தட்டுத் தட்டவில்லை. "இவங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா அண்ணே," என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை.

ஹெட்டி யோத்தாம் நீட்டிய குவளையை வாங்கவில்லை. குனிந்து, மலிசானியின் முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டாள். நான் சுட்ட கேக்கை அன்று யாரும் தொடவில்லை. அப்படியே திரும்பி வந்தது.

மேலாளரிடம் யோத்தாமே போய்ச் சொன்னான். வழி மறைத்தவன் அந்தப் பருவம் முழுக்க வழிகாட்டக் கூடாது என்று அவர் கரும்பலகையிலிருந்து அவன் பெயரைத் துடைத்தார். "வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டார். "மூட்டை தூக்க ஆள் வேணும்ல?" என்றான்.

மூன்றாம் நாள் காற்று ஆற்றுப்பக்கமிருந்து திரும்பியது. யானைகளும் நகர்ந்துவிட்டிருந்தன. நீளக் காய் தொங்கும் அந்த மரத்தடிக்குப் போனார்கள். மலிசானியும் ஹெட்டியும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள், யோத்தாம் எல்லாருக்கும் பின்னால். பார்ட் சொன்னதை மலிசானி சொன்னான். ஒரு சொல்லும் யோத்தாம் காதுக்கு எட்டவில்லை. ஹெட்டி குலுங்கிச் சிரிப்பதும், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதும், மறுபடி சிரிப்பதும் மட்டும் தெரிந்தது. மூட்டை வாரை அவன் இறுக்கிப் பிடித்த பிடியில் கையில் தடிப்பு விழுந்துவிட்டது. சாயங்காலம் எண்ணெய் கேட்டு வந்தபோது நான் பார்த்தேன்.

"இன்னும் எரியுதா?" என்று கேட்டேன்.

"எரியுது அக்கா. அந்த மனுசன் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியவே போறதில்ல."

மறுநாள் விடியலில் முதலில் தீயடிக்கு வந்தவன் அவன்தான். மலிசானி காப்பியை வாயில் வைக்குமுன்பே சொல்லிவிட்டான்: "ஓடையில கழுதைப்புலி. ரெண்டு. வடக்கே போயிருக்கு. இன்னிக்கு அந்த அம்மாவைக் கிழக்கால கூட்டிட்டுப் போ."