நடக்கும் அத்தர் குப்பி

மேசைமேல் இருந்த அத்தர் குப்பி விளிம்பை நோக்கி நடந்துகொண்டிருந்தது. கபன் துணியை மடித்துக்கொண்டிருந்த ஜஸீலா எட்டிப் பிடித்து அதை நடுவில் வைத்தாள். கையை எடுத்ததும் மறுபடி கிளம்பிவிட்டது. தெருமுனையில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா மேடை. ரெகே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடுகிறவன் குரல் மூன்றாம் மாடிக்குச் சரியாக எட்டவில்லை. பேஸ் என்ற கனத்த அடிச்சத்தம் மட்டும் படியேறி வந்து சன்னல் கண்ணாடியை உலுக்கியது.

பாடிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் அவள் வாப்பா அமீர் அலியுடையவை. அமீர் அலி பின்னறையில் குளிப்பாட்டிக் கிடத்தப்பட்டிருந்தார்.

"மவுத்து வீட்டு வாசல்ல கூத்தா?" சுலைமான் சாச்சா அண்ணனுக்காக அழுத கண்ணோடு கத்தினார். "எந்தப் புத்திகெட்டவன் போடச் சொன்னான்?"

"நாந்தான் சாச்சா," என்றாள் ஜஸீலா.

காலையில் மின் ஸோ வந்திருந்தார். வாப்பாவோடு பெட்டி தூக்கியே முடி நரைத்தவர். மையத்தின் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, எழுந்தபோது பர்மிய மொழியில் ஒன்றுதான் கேட்டார்: "இன்னிக்கு செட் போடவா, வேணாமா?" ஜஸீலா யோசிக்கவில்லை. "போடுங்க. வாப்பா ஒத்துக்கிட்ட வேலை." சொன்னபோது அது சரியாகத்தான் பட்டது.

இப்போது அப்படிப் படவில்லை. வாப்பாவைச் சுமக்கும் சந்தூக்கு அந்த மேடையைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். ரோடு முழுக்கக் குடித்துவிட்டு ஆடும் கூட்டம், கையில் தண்ணீர்க் குழாய். யாராவது ஒருவன் வாப்பாமேல் தண்ணீரை அடித்துவிட்டால்?

"நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பு. மானம் கப்பலேறிடும்."

"பாதிப் பாட்டுல நிறுத்தச் சொல்ல என்னால முடியாது சாச்சா."

சுலைமான் தலையில் அடித்துக்கொண்டார்.

அமீர் அலி கப்பலில் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டவர். ரெகே பிறந்த கிங்ஸ்டன் துறைமுகத்தில் ஒரு தெருவே பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, லான்மடாவ் வீட்டின் முன்னறையில் பலகை அறுக்கத் தொடங்கினார். உம்மா நூருன்னிசா அன்றைக்குப் பிடித்த சண்டையை நேற்று வரை விடவில்லை. பேஸ் அதிரும்போதெல்லாம் குப்பிகளை அள்ளி அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவாள், பூட்டும் சத்தம் கணவனுக்குக் கேட்கும்படியாக. அவர் சிரிப்பார். பெட்டி முன்னால் ஆடுகிறவன் பர்மாக்காரனா, சீனனா, தமிழனா என்று அவர் பார்த்ததில்லை. பாட்டைப் பாதியில் வெட்டக் கூடாது என்பதில் மட்டும் மகா பிடிவாதம். "ஆடுறவன் தூக்குன காலு அந்தரத்துல நிக்கப்படாது" என்பார். மின்சாரம் போனாலும் ஓடுவதற்கு லாரி பேட்டரி வைத்திருந்தார். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் கீச்சுச் சத்தத்தை இறக்குவார், பிறகு குரலை. பேஸைக் கடைசியில், மெல்ல மெல்ல. ஜஸீலா சிறுமியாக இருந்தபோது அவளைத் தெருக்கோடியில் நிறுத்தி, "வயித்துல வருதா புள்ள?" என்று கேட்டுக் கேட்டுத்தான் சத்தத்தைச் சரி செய்வார்.

மாலை அஸர் தொழுகைக்கு முன்னால் சந்தூக்கு இறங்கியது. ஒடுங்கிய படிக்கட்டில் ஆண்கள் திணறித் திணறி இறக்கினார்கள். பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. கதவு வரைதான். நூருன்னிசா மேசையருகே வெள்ளைத் துணி போர்த்து உட்கார்ந்துவிட்டாள். ஜஸீலா சன்னலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுத் தகரக்கூரை பாதித் தெருவை மறைத்தது. சந்தூக்கின் பச்சைத் துணி கூரைக்குக் கீழே போனதோடு சரி. அதற்குமேல் காதுதான்.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் சீறும் சத்தம், கூச்சல், சிரிப்பு. ஜஸீலா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தப்புப் பண்ணிவிட்டேன், வாப்பா, தப்புப் பண்ணிவிட்டேன்.

கீச்சுச் சத்தம் இறங்கியது.

அடுத்து குரல் இறங்கியது. அவசரமே இல்லாமல், வாப்பாவின் விரல் திருகுவதைப் போலவே; மின் ஸோதான். பேஸ் மட்டும் கொஞ்ச தூரம் நடந்து வந்து, தணிந்து, நின்றது. தண்ணீர்ச் சத்தமும் கூச்சலும் ஒவ்வொன்றாக அடங்கின. திருவிழா நாளில் அந்தத் தெருவில் அப்படியொரு அமைதியை அவள் கேட்டதேயில்லை. அந்த அமைதியில், தூக்கிப்போகிறவர்கள் சொன்ன கலிமா மூன்றாம் மாடி வரை வந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரிய ரோட்டு மேடையும் அடங்கியது. பிறகு அதற்கும் அப்பால் ஒன்று. அங்கே யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியவில்லை.

"எங்க போயிருப்பாங்க?" நூருன்னிசா கேட்டாள்.

"பள்ளிவாசல் திருப்பம் உம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேக்குது."

தெருமுனையில், விட்ட இடத்திலிருந்து பாட்டு மறுபடி எழுந்தது. பேஸ்தான் முதலில் வந்தது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விளிம்பில் நின்றிருந்த அத்தர் குப்பி லேசாக ஆடியது.

நூருன்னிசா அதைக் கையில் எடுத்தாள். அலமாரியைப் பார்த்தாள். பிறகு குப்பியை மேசையின் நடுவில் வைத்துவிட்டு, அது நடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.