நினைவுப் புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்தவள்

1

கமா சரி. ஒற்று சரி. ஆனா அத்தைக்கு நீங்க எப்போ தலை வாரிவிட்டீங்க, அக்கா?

இதை என் கதையில் வரும் அவள் மனசுக்குள்தான் கேட்டாள். கதையும் எனக்கு இப்படி வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வியாகத்தான் வந்தது. என் போன நாவலின் அச்சுத்தாளில், பிழையே இல்லாத ஒரு வாக்கியத்தின் ஓரத்தில் புரூஃப் பார்த்த பெண் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். ஏன் என்றேன். “சும்மாதான் மேடம்” என்று அழித்துவிட்டார். அந்தச் சும்மா என்னை விடவில்லை.

2

இவளுக்கும் தொழில் அதுதான். [வறுமையில் வாடிய அவள்... வேண்டாம். நல்ல சம்பளம், நல்ல மூக்குக்கண்ணாடி.] படுத்த படுக்கையான மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். மாமியார் போனபிறகு கணவனின் அக்கா ஒரு நினைவுப் புத்தகம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்த அக்கா, வெளியூரிலிருந்து வீடியோ காலில் “அம்மா மாத்திரை போட்டாங்களா?” என்று தவறாமல் கேட்டவள். (வில்லி அல்ல. ஆக்கிப் பார்த்தேன், பாதியில் அம்மாவை நினைத்து நிஜமாகவே அழுதுவிட்டாள்.)

3

ஒருவர் கையெழுத்துப் பிரதியை நிறுத்தக்குறிகளோடு உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுத்தாளில் சரிபார்ப்பது வழக்கம். சாப்பாட்டு மேசையில் நாத்தனார் வாசித்தாள்.

“அம்மாவுக்குத் தலைவாரி, கமா, ஊட்டிவிட்டு, கமா, உடம்பு துடைத்து, கமா, கடைசிவரை பக்கத்தில் இருந்தவள் மகளான நான். புள்ளி.”

கமாக்களை மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

“என்னம்மா வாயே திறக்கல? தப்பா?”

“எழுத்துல தப்பு இல்லக்கா.”

“வேற எதுல?”

[அவள் பொங்கி எழுந்து... அடித்துவிட்டேன். ஒரு பக்கம் பொங்கினாள். அத்தனையும் என் குரல்.]

“படிக்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?” என்றாள் நாத்தனார், தாளைப் பார்த்துக்கொண்டே. “உன்னையும் விட்டுடலயே. கடைசிப் பக்கம் பாரு. ‘பிழை திருத்திய தம்பி மனைவிக்கு நன்றி!’”

“பாத்தேன். ஆச்சரியக்குறி வேண்டாம்க்கா.”

4

முடிவு ஒன்று: கணவன் வந்து நியாயம் பேசுகிறான். (அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டான். கைவிட்டேன்.)

முடிவு இரண்டு: யாருக்கும் தெரியாமல் அவளே அந்த வாக்கியத்தை மாற்றிவிடுகிறாள். வாசகரே, உங்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் எழுதியவர் சொன்னதில் கைவைக்கக்கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். கதைக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். மசியவில்லை.

5

நாத்தனார் எல்லாத் தாள்களுக்கும் மேலிருந்ததை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினாள். புரூஃப் பார்த்தவர் அதில் ‘சரிபார்த்தேன், அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சகத்தில் வாங்குவார்கள்.

“போட்டுக் குடும்மா. அம்மாவுக்காக.”

மாமியாரின் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்ட கை பேனாவை மூடியது. தாள்களை ஓரம் தட்டி அடுக்கியது.

“நீங்க போட்டுக்கோங்கக்கா,” என்றாள். “நான் போடல.”

அவ்வளவுதானா, ஏன் என்று வாசகருக்கு ஒரு வரியாவது சொல்லேன் என்று கேட்டேன்.

அந்த ஒரு வரியை எனக்கும் தரவில்லை.