பாலோடு வந்த சொல்

தமிழ் என்று நினைத்து லான் கற்றுக்கொண்ட முதல் சொல் 'சாகு'.

கீழ் வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா பூவம்மாள் தினமும் காலையில் பால் ஊற்றும்போது "சாகா?" என்று கேட்பாள். பாத்திரம் நிறைந்ததும் லான் "சாகு" என்பாள். "எங்க வியட்நாம்காரி பேசக் கத்துக்கிட்டா" என்று பூவம்மாள் தெருவுக்கே சொல்லிச் சிரிப்பாள்.

அது கன்னடம், போதும் என்று அர்த்தம். அதை யாரும் லானிடம் சொல்லவில்லை. பூவம்மாள் பிறந்தது கர்நாடகத்து ஆனேக்கல். பால் ஊற்றும்போதும் கோபம் வரும்போதும் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

லானின் கணவன் துவான் ஓசூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பயிற்சி கொடுப்பவன். வந்த புதிதில் ஏழு வீடுகளில் இடமில்லை என்றார்கள். ஒருவர், நாய் தின்பீர்களா என்று நேராகவே கேட்டார். எட்டாவதாகக் கிடைத்தது இந்த மாடி. பள்ளிக்கூடம் தெருமுனையில். ஆறு வயது மகள் லின் அங்கே போய்த் தமிழை மளமளவென்று பிடித்துக்கொண்டாள்.

பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் வரும் வெள்ளியோடு முடிகிறது. "மருமக வளைகாப்பு முடியட்டும், புதுசா எழுதிக்கலாம்" என்று பூவம்மாள் சொல்லியிருந்தாள். லானுக்கு வேண்டியது அந்த ஒரு கையெழுத்துதான். இன்னொரு முறை வாசல் வாசலாகப் போய் நிற்க அவளால் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மருமகள் யுவஸ்ரீயின் பிறந்த வீட்டார் ஊத்தங்கரையிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். யுவஸ்ரீயின் அம்மா வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"ஏங்க சம்பந்தியம்மா, உங்க ஊர்ல பஸ் போர்டே ரெண்டு பாஷையில ஓடுது. வீட்டுப் பேச்சு எப்படி?"

"எங்க வீட்ல தமிழ்தாங்க. வேறென்ன?" என்றாள் பூவம்மாள் சட்டென்று.

பூர்வீகம் கெலமங்கலம், தமிழ்க் குடும்பம் என்று சொல்லி முடித்த கல்யாணம் அது. வேறு பாஷை என்றால் வேறு ஜாதியோ என்று தோண்டுகிறவர்கள் ஊத்தங்கரைக்காரர்கள்.

யுவஸ்ரீயின் கை நிறைய வளையல். ஆளாளுக்கு அவள் வாயில் இனிப்பை ஊட்டினார்கள். தன் முறை வந்ததும் லான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தப் பெண் குமட்டலை அடக்கிக்கொண்டு விழுங்குவதை லான் ஒருத்திதான் கவனித்தாள். அம்மாக்காரி இன்னொரு கவளம் சர்க்கரைப் பொங்கலோடு குனிந்தபோது, லான் குறுக்கே கை நீட்டினாள்.

"சாகு, சாகு."

கவளம் திரும்பத் தட்டில் விழுந்தது.

"வாயும் வயிறுமா உக்காந்திருக்கிற புள்ளைய சாகுங்கறாளே, பாவி!" அம்மாக்காரி கத்தினாள்.

லானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. லின் பெண்களுக்கு நடுவே புகுந்து ஓடிவந்தாள்.

"எங்கம்மா அப்படிச் சொல்லல. அது கன்னடம், எங்க கிளாஸ்லகூட பேசுவாங்க. போதும்னு அர்த்தம். பால் ஊத்தும்போது ஆன்ட்டிதான் சொல்லிக் குடுத்தாங்க."

எல்லோரும் பூவம்மாளைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றாள் பூவம்மாள். "எனக்கு ஏது கன்னடம்? இத்துனூண்டு இருந்துக்கிட்டு என்னமா புளுகுது பாருங்க!"

யுவஸ்ரீக்குத் தெரியும். அந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக மாமியாரிடம் கன்னடத்தில் திட்டு வாங்குகிறவள். அவள் தலையைக் குனிந்து வளையல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் கேட்டுக்க புள்ள, உங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள் பூவம்மாள். "வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி பண்ணிரணும். புதுசா எழுதற பேச்செல்லாம் கிடையாது."

லின் பாடம் ஒப்பிப்பது போல ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் வியட்நாம் மொழியில் சொன்னாள். சாகு என்றால் இவர்களுக்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னாள்.

"அப்படிப் போடுங்க சம்பந்தியம்மா" என்றாள் அம்மாக்காரி. யாரோ இலை போடச் சொன்னார்கள்.

மாடிப்படியில் லான் நின்றாள். மன்னித்துவிடுங்கள் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது, இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மகளிடம் கேட்டாள்.

லின் அம்மாவின் கையை உதறினாள்.

"நீ இனிமே வெளியில பேசாத. எதுன்னாலும் நான் பேசிக்கிறேன்."

அதை அவள் தமிழில் சொன்னாள். லானுக்கு அதில் 'பேசாத' மட்டும் புரிந்தது.