மச்சானும் மாப்பிள்ளையும்

அக்கா திரும்பிப் பார்த்தபோது, நெட்டையனின் கன்னத்துக்கும் கொதிக்கும் இஸ்திரித் தட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம் இருந்தது. இஸ்திரிக்காரன் அவன் பிடரியைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தான். சலவைக்கூடத்து ஆட்கள் ஈரப் போர்வைகளைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார்கள்.

"விடுடா! மூஞ்சி வெந்துரும்டா!"

அவள் கத்தியது அவன் காதில் ஏறவில்லை. அந்தக் கூடத்துக்கு அவள்தான் சூப்பர்வைசர். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அக்கா. தரை கழுவுகிற குழாயை எடுத்து முழுவேகத்தில் திறந்து இருவர் முகத்திலும் அடித்தாள். தட்டில் தண்ணீர் பட்டுச் சீறி, கூடமெங்கும் ஆவி மண்டியது. பிடி தளர்ந்ததும் நெட்டையன் துள்ளி விலகினான். விலகியவன் சும்மா போகவில்லை. ஈரத்துணி கிளறுகிற கம்பை எடுத்து இஸ்திரிக்காரனின் தோளில் ஓங்கிப் போட்டான். அதற்குப் பிறகுதான் ஆளாளுக்குப் பாய்ந்து இருவரையும் பிரித்தார்கள்.

நகமும் சதையுமாக இருந்தவர்கள் இருவரும். இஸ்திரிக்காரனின் தங்கையைத்தான் நெட்டையன் கட்டியிருந்தான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவதைப் பார்த்து, "கல்யாணம் அந்தப் பொண்ணுக்கா, உங்க ரெண்டு பேருக்குமா?" என்று அக்காவே கேலி செய்திருக்கிறாள். கொஞ்ச நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது இப்படி.

சண்டை தீர்ப்பதில் அக்காவுக்குத் தன்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. எப்பேர்ப்பட்ட மனஸ்தாபமானாலும் எதிரெதிரே உட்காரவைத்து, டீ கொடுத்து, சிரிக்க வைத்து அனுப்பிவிடுவாள். மறுநாளும் அதையே செய்தாள். சோப்பு மூட்டைகள் அடுக்கிய அறையில் மூன்று நாற்காலி போட்டாள்.

"என்ன ஏதுன்னு நான் தோண்ட மாட்டேன். ரெண்டு பேரு மேலயும் தப்பு இருக்கும். நடந்தது நடந்துபோச்சு. கைய குடுத்துக்கிட்டு வேலையப் பாருங்க."

நெட்டையன் உடனே சிரித்துக்கொண்டு கையை நீட்டினான். "நான் ரெடிக்கா. மச்சான்தான் முறுக்கிக்கிட்டு நிக்கிறாரு."

இஸ்திரிக்காரன் அந்தக் கையையே வெறித்துப் பார்த்தான். பிறகு நிதானமாகப் பற்றினான். 'அப்பாடா' என்று அக்கா மூச்சு விடுவதற்குள் அவன் அந்தக் கையைப் பின்பக்கமாக வளைத்தான். விரல் ஒன்று சுள்ளி மாதிரி முறிந்தது.

"இந்தக் கைதான! இந்தக் கைதானடா!"

நெட்டையன் அலறிக்கொண்டே மற்றக் கையால் டீ கிளாஸை எடுத்து அவன் மண்டையில் உடைத்தான். குறுக்கே விழுந்த அக்காவின் புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, அறையே சிவப்பாகத் தெரிந்தது.

கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, இஸ்திரிக்காரன் தலையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இந்தக் கை, இந்தக் கைன்னு கத்துனியே. அந்தக் கை என்னடா செஞ்சது?"

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "தங்கச்சிய அறைஞ்சதுக்கா. ஒரு காது சுத்தமா கேக்கல. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, அனுப்பு அனுப்புன்னு கதவ ஒதைக்கிறான்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க? ரெண்டு பேரு மேலயும் தப்புன்னுட்டீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. எழுந்து, அவனோடு அவன் வீட்டுக்கு நடந்தாள்.

தங்கை சமையலறையில் இருந்தாள். கட்டுப்போட்ட இருவரையும் மாறி மாறிப் பார்த்தவள் கரண்டியை ஓங்கி எறிந்தாள். அது சுவரில் பட்டுத் தெறித்தது.

"மறுபடியும் அடிச்சிக்கிட்டீங்களா? என் பேரச் சொல்லிச் சொல்லி மண்டைய ஒடச்சிக்கிறீங்களே, எனக்கு என்ன வேணும்னு ஒரு ஆளு கேட்டீங்களா?"

"நான் கேக்கறேம்மா" என்றாள் அக்கா. "சொல்லு."

"அந்த ஆளு இந்த வாசல்ல நிக்கக் கூடாது. இவன் கொலை பண்ணிட்டு ஜெயிலுக்குப் போகக் கூடாது. நான் போலீஸ்ல எழுதிக் குடுக்கணும். குடும்ப மானம் போயிரும்னு இவன்தான் விட மாட்டேங்கறான்."

அக்கா மெல்ல இஸ்திரிக்காரன் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, அவன் மூஞ்சியப் பொசுக்கறப்ப போகாத மானமா ஸ்டேஷன்ல போயிரும்?"

அவன் ரத்தக்கறைச் சட்டையைக் கழற்றிவிட்டு வேறு சட்டை மாட்டினான். மூவரும் அப்போதே ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போனார்கள்.

விஷயம் தெரிந்த நெட்டையன் மறுநாள் காலையிலேயே சலவைக்கூடத்துக்குள் புயலாக வந்தான். விரலில் மாவுக்கட்டு, மறுகையில் இரும்புக் கம்பி. முதல் அடியில் வாஷிங் மெஷினின் கண்ணாடிக் கதவு நொறுங்கியது. அடுத்த அடி அக்காவைக் குறிவைத்து வந்தது.

"குடும்பத்தப் பிரிச்சவளே! உன்ன உயிரோட விட மாட்டேன்டி!"

தலைக்கு வந்தது முழங்கையோடு போயிற்று. அவள் துணிக்குவியலில் விழுந்தாள். அவன் மறுபடி கம்பியை ஓங்கியபோது, பின்னாலிருந்து ஒரு ஈரப் போர்வை அவன் தலையோடு கவிழ்ந்தது. இஸ்திரிக்காரன் அவனைப் போர்வையோடு தரையில் சாய்த்து, முதுகில் முட்டியை ஊன்றினான். கம்பி உருண்டு இஸ்திரிக்காரனின் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அவன் கண் அதன்மேல் போனதை அக்கா பார்த்தாள்.

"தம்பி..." என்றாள்.

"அக்கா, சீக்கிரம் போன் பண்ணுங்க" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "ரொம்ப நேரம் என்னால இப்படி சும்மா புடிச்சிட்டு இருக்க முடியாது."

ஆனால் போலீஸ் வரும்வரை பிடித்துக்கொண்டுதான் இருந்தான். ஒரு அடி அடிக்கவில்லை. அவர்கள் நெட்டையனை இழுத்துக்கொண்டு போன பிறகு சுவரோரமாகக் குந்தி, குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அக்காவின் முழங்கை முன்போல மடங்குவதில்லை. இப்போதெல்லாம் கூடத்தில் சண்டை வந்தால் அவள் யாரையும் உடனே எதிரெதிரே உட்காரவைப்பதில்லை. தனித்தனியாகக் கூப்பிட்டு, முதலில் அடிபட்டவர் யார் என்று கேட்கிறாள். அதனால் எல்லாச் சண்டையும் தீர்ந்துவிடுகிறது என்று சொல்ல முடியாது.

ஜெயிலிலிருந்து வெளியே வந்த நெட்டையன் ஒருநாள் ஆள் அனுப்பினான். திருந்திவிட்டானாம், மச்சானிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், அக்காதான் பேசி முடித்து வைக்க வேண்டுமாம். இஸ்திரிக்காரன் அக்காவைப் பார்த்தான். அக்கா செல்போனை எடுத்து அவன் தங்கையைக் கூப்பிட்டு, சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னாள்.

"வேண்டாம்க்கா" என்றாள் அவள்.

வந்த ஆளிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பிவிட்டு, இருவரும் வேலையைப் பார்க்கப் போனார்கள்.